பத்தாம் மைலில் ஒரு டாக்கோ கடை

புக்கிட் பாஞ்சாங்கை ஒரே சுற்றில் பார்த்துவிட வேண்டுமென்றால் இலகு ரயிலில் ஏறினால் போதும். 1999 நவம்பர் 6ஆம் தேதி ஓடத் தொடங்கிய இதுதான் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில். ஓட்டுநர் கிடையாது. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும். அடுத்தவர் வீட்டுக்குள் பார்வை போய்விடக் கூடாதே என்று, புளோக்குகளை ஒட்டிப் போகும் இடங்களில் ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிப்போகும்படி வண்டிகளை வடிவமைத்தார்கள். அந்தத் திரை கண்ணுக்குத்தான். நிலையத்தில் இறங்கி நடந்தால் எந்த வீட்டில் பெலாச்சான் வறுக்கிறார்கள், எந்த வீட்டில் ரசம் தாளிக்கிறார்கள் என்பது மூக்குக்குத் தெரிந்துவிடும்.

மலாய் மொழியில் புக்கிட் பாஞ்சாங் என்றால் நீண்ட குன்று. நகரிலிருந்து பத்தாவது மைலில் இருப்பதால் 'பத்தாம் மைல்' என்று சொல்லும் மூத்தவர்கள் இன்னும் உண்டு. கம்பமும் தோட்டமுமாக இருந்த இடம் 1980களில் வீவக நகரமாக மாறத் தொடங்கியது. 2015 டிசம்பர் 27ஆம் தேதி டௌன்டவுன் ரயில் இங்கே வந்தது. அதன் பிறகு தேக்காவுக்குப் போக வண்டி மாற வேண்டியதில்லை.

எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. மொத்தம் எட்டு மேசை. லத்தீன் அமெரிக்கச் சமையலையும் நம் வட்டாரச் சமையலையும் கலந்து தருகிறார்கள். கடையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எட்டு மேசைக் கடை ஒரு பத்திரிகைப் பாராட்டால் வரும் கூட்டத்தையும் தாங்காது, ஒரு குறையால் போகும் கூட்டத்தையும் தாங்காது.

பட்டியலில் இருப்பவை இவை. மெல்லிய ரொட்டிக்குள் சம்பல் தடவிய கோழியும் வெங்காயமும் வைத்து மடித்த டாக்கோ, மூன்று துண்டு 14 வெள்ளி. இரண்டு ரொட்டிக்கு நடுவே பன்னீரும் சீஸும் வைத்துச் சுட்டது ஒன்று. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த மீன் துண்டுகள். பெரு நாட்டில் அதற்குச் செவிச்சே என்று பெயர். மரவள்ளிக்கிழங்கு வறுவல் 9 வெள்ளி. தொட்டுக்கொள்ள, காய்ந்த மிளகாயும் வேர்க்கடலையும் எண்ணெயில் வறுத்து அரைத்த மெக்சிகோ பாணித் துவையல்.

கடை திறந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் வீட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், அலுவலக நண்பர்கள் என்று பலரோடும் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். ஒரே தட்டைப் பற்றி இரண்டு பேர் ஒரே மாதிரி பேசி நான் கேட்டதில்லை.

ஆளுக்கொரு தீர்ப்பு

என் கொழுந்தன் டெக்சஸில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவர். முதல் வாயிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அண்ணி, இது டாக்கோவே இல்ல. டாக்கோன்னா மக்காச்சோள மாவு. இது கோதுமை. சப்பாத்திக்குள்ள கோழியை வச்சு பதினாலு வெள்ளி வாங்குறாங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அத்தைக்குச் சப்பாத்தி என்பதில் ஆட்சேபம் இல்லை, விலையில்தான் இருந்தது. திண்டிவனத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தவர். புதுச் சாப்பாடு என்றால் முதலில் முகர்ந்து பார்ப்பார். துவையலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர் நிமிர்ந்தார். "இது நம்ம மல்லாட்டைத் துவையல்தானே? கொஞ்சம் எண்ணெய் அதிகம். இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். கிண்ணத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பெருவின் தலைநகர் லீமாவைச் சேர்ந்தவர். டாக்கோவைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் இல்லை. "அது மெக்சிகோக்காரர்கள் பாடு. சிங்கப்பூரில் நாங்கள் எல்லாரும் ஒன்று என்று நினைக்கிறீர்கள். நான் உங்களிடம் வந்து காஷ்மீர்ச் சமையல் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். செவிச்சேயை மட்டும் எடுத்துப் பார்த்து, மீன் அதிக நேரம் ஊறிவிட்டது, சாற்றிலேயே வெந்து இறுகிவிட்டது என்றார்.

கீழ்மாடியில் இருக்கும் மலாய்த் தோழி சாப்பிடவே இல்லை. பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பதில்லை என்று கடையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் முயிஸ் வழங்கும் ஹலால் சான்றிதழ் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது சிங்கப்பூரில் வளர்ந்த எவருக்கும் தெரியும். டின் பானம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கும்னு வாசனையே சொல்லுது" என்றார். அவருடைய விமர்சனம் அவ்வளவுதான்.

கடைசியாக, பக்கத்து வீட்டு ஆ மா. தொண்ணூறைத் தொடும் சீன மூதாட்டி. அவருடைய பேத்திதான் ஒரு நாள் எங்களோடு அழைத்துவந்தாள். மேசைக்கு வந்த மரவள்ளி வறுவலைப் பார்த்து, விலையைக் கேட்டார். பேத்தி சொன்னாள். ஆ மா சிரிக்கவில்லை. ஜப்பானியர் காலத்தில் மூன்றரை வருடம் இதைத் தின்றாயிற்று, இனி என் வாழ்நாளில் தொட மாட்டேன் என்றார். தட்டை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளச் சொன்னார்.

எட்டு மேசைக் கடை ஒன்று இத்தனை நாக்குகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைக்காரர் ஹோட்டல் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேமிப்பைப் போட்டு இதைத் தொடங்கியவர். ஒரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன். "ஒரே ராத்திரியில் ஒரு மேசையில் காரம் போதாது என்கிறார்கள், அடுத்த மேசையில் குழந்தை அழுகிறது. அதைச் சமாளிக்கலாம். ஆனால் இது அசல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதற்கு நான் சமையலறையில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?" என்று கேட்டார்.

அசல் என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

எந்த அசல்?

கொழுந்தனின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். டாக்கோவின் தாய்வீடான மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டிதான் பழையது. ஸ்பானியர்கள் கோதுமையைக் கொண்டுவந்த பிறகு, வட மெக்சிகோவில் கோதுமை ரொட்டியே வீட்டு ரொட்டியாகிவிட்டது. அங்கே பிறந்தவருக்கு அதுதான் அசல். மெக்சிகோ நகரத் தெருக்களில் புகழ்பெற்ற 'அல் பாஸ்தோர்' டாக்கோவோ, லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் வாரிசு. செங்குத்தாகச் சுழலும் கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுட்டு, சீவி எடுக்கும் முறை அவர்களுடையது.

லீமாக்காரரின் செவிச்சே இன்னும் சுவையான கதை. மீனை மணிக்கணக்கில் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பதுதான் பழைய பெரு வழக்கம். 1899 முதல் பெருவுக்குக் குடிபெயர்ந்த ஜப்பானியர்களின் வழிவந்த சமையல்காரர்கள், பச்சை மீனின் மென்மையைக் காப்பாற்ற அந்த நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கினார்கள். இன்று லீமாவில் அதுவே சரியான முறை. ஆக, எங்கள் கடையின் அதிகம் ஊறிய மீன் அவருடைய தாத்தா காலத்து ருசிக்கு நெருக்கமாக இருந்திருக்கலாம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "என் தாத்தாவுக்குப் பிடித்திருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை" என்றார்.

பெருவில் சீன உணவகங்களுக்குச் சீஃபா என்று பெயர். 1849 முதல் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போன சீனர்களின் கொடை அது. அவர்களுடைய சௌஃபா சோறு நம் உணவங்காடி நிலையத்தில் கிடைக்கும் பொரித்த சோற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

இந்தக் கலவையில் தமிழனும் உண்டு. 1853 முதல் காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களுடைய வாரிசுகளில் பெரும்பாலோர் மொழியை இழந்துவிட்டார்கள். மல்லியும் மஞ்சளும் கடுகும் சேர்த்த குழம்பு மட்டும் அங்கே நிலைத்துவிட்டது. 'கொலம்போ' என்ற பெயரில் இன்று எல்லா இனத்தவர் வீட்டிலும் சமைக்கிறார்கள். திண்டிவனத்து அத்தை அதைச் சாப்பிட்டுப் பார்த்தால் என்ன சொல்வார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

அடுத்த நிலையம், கேஷ்யூ

லத்தீன் அமெரிக்கா நமக்கு அயலூர் என்று நினைப்பவர்கள், புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒருமுறை ரயிலில் போய்ப் பார்க்கலாம். ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு நிலையங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க அத்தையோடு போனபோது, நிலையப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

புறப்பட்டதும் வருகிற முதல் நிலையம் கேஷ்யூ. முந்திரி. பக்கத்திலிருக்கும் சாலையின் பெயர் அது. அந்த வட்டாரத்தில் பாதாம், செஸ்ட்நட், ஹேசல் என்று கொட்டைப் பருப்புகளின் பெயரிலேயே சாலைகள் இருக்கின்றன. "முந்திரின்னா பண்ருட்டிதான்" என்றார் அத்தை. பண்ருட்டிக்கு முந்தி அது பிரேசில். போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மலையாளத்தில் அதற்குப் பறங்கியண்டி என்றொரு பெயர் உண்டு. பறங்கியர் கொண்டுவந்த கொட்டை. நம் பரங்கிக்காயின் பெயரிலும் அதே பறங்கியர்தான் இருக்கிறார்கள்.

ஹில்வியூவுக்கு அடுத்தது ஹியூம். 2025 பிப்ரவரி 28ஆம் தேதிதான் திறந்தார்கள். மேலே ஏறி நடந்தால் பழைய ஃபோர்டு தொழிற்சாலை வரும். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்துக் கையெழுத்திட்ட இடம். இப்போது நினைவுக் காட்சிக்கூடமாக இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அரிசி பங்கீட்டுக்குப் போனது. வரவர அதுவும் குறைந்தது. கிடைத்த மண்ணிலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். கஞ்சி, ரொட்டி, பலகாரம் எல்லாம் அதிலேதான். ஆ மாவின் மூன்றரை வருடம் இங்கேதான் தொடங்கியது.

மரவள்ளியும் தென் அமெரிக்கச் செடி. போர் அதை இங்கே பசிக்கால உணவாக்கியது. அதே போரில் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போய்க்கொண்டிருந்த ஜவ்வரிசி தமிழ்நாட்டில் இறங்காமல் நின்றது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். நாம் பாயசத்தில் போடும் சேலத்து ஜவ்வரிசிக்கும் ஆ மா தள்ளிவிட்ட தட்டுக்கும் ஒரே செடி, ஒரே வருடங்கள்.

அடுத்து பியூட்டி வோர்ல்ட், கிங் ஆல்பர்ட் பார்க், சிக்ஸ்த் அவென்யூ. அதன் பிறகு டான் கா கீ. 1890இல் 16 வயதில் சிங்கப்பூர் வந்து, 1904இல் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலை தொடங்கி, 1906இல் அன்னாசித் தோட்டத்துக்கு நடுவே ரப்பர் நட்டுப் பெரும் செல்வரானவர். 1919இல் அவர் நிறுவிய சீன உயர்நிலைப் பள்ளியின் வழிவந்த ஹுவா சோங் கல்வி நிலையம் ரயில் நிலையத்தின் வாசலில் இருக்கிறது. அன்னாசி, ரப்பர் இரண்டுமே தென் அமெரிக்காவுடையவை.

அதற்கும் அடுத்த நிலையம் பூமலை. தமிழர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் பூமலைக்கு வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை இங்கே உருவாக்கினார். தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் நடச்சொல்லி நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது, மலாயா முழுக்க ரப்பர் வந்தது. பால் வெட்ட ஆள் வேண்டுமே. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கங்காணிகள் போனார்கள்.

பிரேசிலிலிருந்து வந்த ஒரு மரம் இல்லையென்றால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம்மில் எத்தனை குடும்பங்கள் இருந்திருக்கும்? எங்கள் புளோக்கிலேயே, தாத்தா பால்மரம் வெட்டியவர் என்று சொல்லும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு இருக்கின்றன. லத்தீன் அமெரிக்கா நம் தட்டுக்கு வருவதற்கு முன்பே நம் குடும்ப மரத்துக்குள் வந்துவிட்டது.

தேக்காவில்

லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்கா சந்தைக்குள் நுழைந்தோம். காய்ந்த மிளகாய் மூட்டை, தக்காளி, உருளைக்கிழங்கு, பரங்கிக்கீற்று, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, வேர்க்கடலை. இவை அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. அன்னாசியும் கொய்யாவும் பப்பாளியும் போர்ச்சுகீசியர் வாய்வழியாகத் தமிழுக்கு வந்த பெயர்கள். மிளகுக்குப் பழகிய தமிழர்கள், மிளகைப் போலவே உறைத்த புதுக்காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பல வீடுகளில் இன்றும் திவசச் சமையலில் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்ப்பதில்லை. மிளகுதான். வந்து சேர்ந்தவை எவை என்பதை அந்த ஒரு நாள் சமையல் ஞாபகம் வைத்திருக்கிறது.

அத்தையின் மல்லாட்டைக்கும் ஒரு பயணக்கதை உண்டு. மணிலாக்கொட்டை என்பதுதான் தேய்ந்து மல்லாட்டை ஆனது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பீன்ஸின் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்தன. அந்தக் கடல்வழியால் ஆசியாவுக்கு வந்த பயிர்கள் ஏராளம். மணிலாவின் பெயர் தென்னார்க்காட்டு வயலில் வந்து ஒட்டிக்கொண்டது. இதைச் சந்தையில் வைத்து அத்தையிடம் சொன்னேன். "அப்ப அந்தக் கடைக்காரன் நம்ம துவையலைக் காப்பியடிக்கலன்னு சொல்றியா?" என்று கேட்டார். இல்லை, இருவருக்கும் பாட்டி ஒருத்தி என்றேன். "இருக்கட்டும். எண்ணெய் அதிகம்தான்" என்றார்.

சந்தைக்குப் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் ரோடு. சிங்கப்பூருக்கு வரும் விருந்தினரை நாம் பெருமையாக அழைத்துப்போகும் மீன்தலைக் கறிக் கடைகள் அங்கே இருக்கின்றன. அந்தக் கறியின் வயது நம்மில் பலருடைய அப்பாக்களின் வயதுதான். 1949இல் சோபியா ரோட்டில் கேரளாவைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் தொடங்கிவைத்தார். மீன்தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக, நம் மீன் குழம்பில் தலையைப் போட்டுக் கொடுத்தார். கோமஸ் என்ற பெயரும் போர்ச்சுகீசியர்கள் கேரளக் கரையில் விட்டுப்போன பெயர்தான். பிறகு சீனக் கடைகள் தங்கள் பாணியில் அதைச் செய்தன. இன்று அதைக் கலவை என்று யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூர்ச் சாப்பாடு என்கிறோம். சீன மஞ்சள் மீயைத் தக்காளிச் சாறும் மிளகாயும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிரட்டி, இந்திய மீ கோரெங் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தியாவில் தேடினால் கிடைக்காது.

அப்படியானால் எல்லாமே சரியா?

இதையெல்லாம் கேட்ட கொழுந்தன் விடவில்லை. "அண்ணி, எல்லாமே கலவைன்னா, எதை வேணும்னாலும் கலக்கலாமா? தோசைக்குள்ள நூடல்ஸ் வச்சாலும் வரலாறுன்னு சொல்வீங்களா?"

நியாயமான கேள்வி. கலந்தது என்பதால் ஒரு சாப்பாடு கெட்டதாகிவிடாது, நல்லதாகவும் ஆகிவிடாது. மீன்தலைக் கறி எழுபது ஆண்டுக்கு மேல் நின்றிருப்பதற்குக் காரணம் அதன் கலப்பு அல்ல. சாப்பிட்டவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். புளி கூட, காரம் குறைவு, தலை வேகவில்லை என்றார்கள். சமைத்தவர்கள் கேட்டு மாற்றினார்கள். அதே சமயத்தில் யார் யாரோ கலந்து பார்த்து, ஒருவரும் இரண்டாம் முறை கேட்காததால் மறைந்துபோன தட்டுகள் எத்தனையோ இருக்கும்.

எங்கள் கடையிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் மாட்டிறைச்சியும் காய்கறியும் ஒரே கல்லில் வாட்டினார்கள். அத்தை அதைக் கண்ணால் பார்த்த பிறகு பன்னீர் ரொட்டியைத் தொடவில்லை. நான் கடைக்காரரிடம் சொன்னேன். எங்களைப் போல இன்னும் நான்கைந்து குடும்பங்கள் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் சைவத்துக்குத் தனிக் கல்லும் தனிக் கரண்டியும் வந்துவிட்டன. செவிச்சேயை இப்போது கேட்ட பிறகுதான் கலக்கிறார்கள். லீமாக்காரர் இரண்டாம் முறை வந்தபோது தட்டைக் காலி செய்தார். டாக்கோவுக்கு மக்காச்சோள ரொட்டி வேண்டுமா, கோதுமை ரொட்டி வேண்டுமா என்று கேட்கிறார்கள். கொழுந்தனுக்கு இன்னும் திருப்தியில்லை. ஆனால் இப்போது அவர் சொல்லும் குறை சோள ரொட்டி சூடு ஆறிவிடுகிறது என்பது. அதைச் சமையலறையில் சரிசெய்யலாம்.

சரிசெய்ய முடியாதவையும் உண்டு. ஹலால் சான்றிதழ் ஒரு பேச்சில் வந்துவிடாது. சமையல் பொருள் வாங்கும் இடம், சமையலறை நடைமுறை, வேலையாட்கள் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எட்டு மேசைக் கடைக்கு அது பெரிய முடிவு. கடைக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை கீழ்மாடித் தோழி டின் பானத்தோடுதான் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த மேசையைச் சுற்றிக் கேட்ட கருத்துகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, சாப்பிடாமலே அவர் சொன்னதுதான். மற்றவர்கள் தட்டில் இருப்பதைப் பற்றிப் பேசினார்கள். மேசையில் யாருக்கு இடம் இருக்கிறது என்பது அவர் வழியாகத்தான் தெரிந்தது.

புக்கிட் பாஞ்சாங் போன்ற வட்டாரத்தில் ஒரு சின்னக் கடை நிலைக்குமா என்பதும் அதில்தான் இருக்கிறது. பெரிய கடைத்தொகுதியில் ஆளுக்கொரு கடையில் வாங்கிக்கொண்டு ஒரு மேசையில் சேர்ந்து சாப்பிடலாம். எட்டு மேசைக் கடையில் அது முடியாது. மாட்டிறைச்சி சாப்பிடாத மாமியார், காரம் தாங்காத பேரன், ஹலால் பார்க்கும் தோழி என்று எல்லாருக்கும் ஆளுக்கொரு தட்டாவது வேண்டும். ஒருவருக்கு இல்லையென்றால் அந்தக் கூட்டமே வேறு கடைக்குப் போய்விடும். மெக்சிகோவில் இப்படித்தான் செய்கிறார்களா என்ற கேள்வியைவிட இந்தக் கேள்வி கடைக்காரரின் வாடகையோடு அதிகம் சம்பந்தப்பட்டது.

ஆ மா சொன்னதற்கு மட்டும் கடையில் பதில் கிடையாது. வறுவலில் உப்பும் எலுமிச்சையும் சரியாகத்தான் இருந்தன. அதைவிட நன்றாகப் பொரித்தாலும் அவர் தொடப்போவதில்லை. அவர் சொன்னதைக் கேட்ட பிறகும் என் மகன் அந்த வறுவலை விரும்பிச் சாப்பிடுகிறான். இரண்டு பேரையும் நான் திருத்தப் போவதில்லை.

அடுத்த வாரம் நேரம் இருந்தால் இந்த ரயிலில் ஒருமுறை போய்வாருங்கள். பிள்ளைகளை அழைத்துப்போனால், கேஷ்யூவில் ஆரம்பித்து நிலையப் பெயர்களை எண்ணச் சொல்லுங்கள். ஹியூமில் இறங்கிப் பழைய ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்க்கலாம், பூமலையில் ரப்பர் மரத்தைத் தேடலாம், பசித்தால் தேக்காவில் மீ கோரெங் இருக்கிறது. உங்கள் வட்டாரத்திலும் இப்படியொரு கலவைக் கடை இருந்தால், பிடிக்காததைப் போகும்போது கடைக்காரரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். உப்பா, சூடா, விலையா என்று குறிப்பாகச் சொல்லுங்கள். திரும்பும்போது சந்தையில் மரவள்ளிக்கிழங்கு நன்றாக இருந்தால் வாங்குங்கள். தோலை உரித்து, நடுநாரை எடுத்து, நன்றாக வேகவைத்துவிட்டுப் பொரியுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்புவது நம் வழக்கம்தான். கதவைத் தட்டும் முன், உள்ளே எந்த வயதுக்காரர் இருக்கிறார் என்று மட்டும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.